வருஷத்துக்கு ஒரு வண்டி மண்

ஜனவரி 6

தம்பிக்கு,

ஃபோன் செய்யாமல் எழுதுகிறேன். போன தடவை நாம் பேசியது எப்படி முடிந்தது என்று உனக்கு நினைவிருக்கும். பேசினால் வார்த்தை முந்திக்கொள்கிறது. எழுதினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இதுவே மூன்றாவது தாள். நீயும் எழுது. உன் அழைப்பு வந்தால் எடுக்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நம் மைதானத்துக்கு லீக் ஐந்து ஆட்டங்கள் கொடுத்திருக்கிறது. ஐந்திலும் வெளியூர் அணிகள் வருகின்றன. ஐந்தும் புகார் இல்லாமல் முடிந்தால் நிரந்தர மைதானம். லீக் கைவிரித்தால் நிலம் சொந்தக்காரர்களுக்குத் திரும்பிப் போகும். 'கிரிக்கெட் நடக்கும்வரை' என்று சொல்லித்தானே அப்பாவிடம் கொடுத்தார்கள். பெவிலியனுக்குப் பின்னால் இருக்கும் இந்த இரண்டு அறை வீடும் அதோடு போய்விடும். நாற்பத்துநான்கு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்று உன்னைக் கேட்கவில்லை. தெரிந்துகொள் என்று எழுதுகிறேன்.

அப்பா போன மறுவாரம், "கிரவுண்டைத் திருப்பிக் கொடுத்துடுக்கா" என்று நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். நீ சாப்பாட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன்னை என்னவெல்லாமோ சொன்னேன். அதை இப்போது அடிக்க முடியாது.

ஆனால் பிட்ச் உன் கைவேலை. அது எனக்கு வரவில்லை. தண்ணீர் விடுவதை ஆட்டத்துக்கு எத்தனை நாள் முன்னால் நிறுத்த வேண்டும்? களிமண்ணை மேலே தூவிய பிறகு எத்தனை முறை உருட்ட வேண்டும்? முதல் ஆட்டம் முப்பதாம் தேதி, துறைமுக அணியோடு.

வெளியூர் பேருந்துகளுக்காக வடக்கு மூலையில் சுவரை இடித்து ஒரு கேட் வைத்திருக்கிறேன். லீக் விதிப்படி வண்டி வளாகத்துக்குள் நிற்க வேண்டும். பார்த்தால் உனக்கே பிடிக்கும்.

அக்கா


ஜனவரி 13

அக்காவுக்கு,

கடிதம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. இங்கே ரோடு போடுகிறோம். நான் ரோலர் ஓட்டுகிறேன். அப்பாவிடமிருந்து தப்பித்து வந்தும் ரோலர் என்னை விடவில்லை.

தண்ணீரை ஐந்து நாள் முன்னால் நிறுத்து. முதல் இரண்டு நாள் காலையிலும் மாலையிலும் உருட்டு, நீளவாட்டில் மட்டும். மூன்றாம் நாளிலிருந்து காலையில் மட்டும். வீட்டுச் சாவியை எடுத்து பிட்ச்சில் குத்திப் பார். நுனி மட்டும் இறங்கி நின்றுவிட்டால் சரி. பாதிச் சாவி போனால் ஆட்டத்துக்கு ஆகாது. புல்லை ஒட்ட வெட்டாதே. கிரவுண்டு வேலைக்கு வரும் நெட்டையிடம் சொல், அவர் மறந்துவிடுவார்.

வடக்கு மூலையில் ரோலர் ஏற வேண்டாம். பஸ்ஸும் வேண்டாம். கேட்டை மூடிவிடு. அப்பா அங்கே ஒரு சைக்கிளைக்கூட விட்டதில்லை, உனக்கே தெரியும்.

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

சாவி நுனி மட்டும்தான் இறங்குகிறது. நேற்று அதைப் பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். இந்த ஒன்றுக்காவது உனக்கு நன்றி.

ஆனால் உன் கடிதத்தின் கடைசிப் பத்தியை ஐந்தாறு தடவை படித்தேன். மறுபடியும் காரணம் இல்லாத ஓர் உத்தரவு. நீயும் அப்பாவும் எப்போதும் இப்படித்தான். நான் விடுதியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றுவிடும். படித்தவள் என்று ஒதுக்கினீர்களா, பெண் என்றா? இன்றுவரை தெரியவில்லை.

"கிரவுண்டுக்குள்ள சக்கரம் வரக்கூடாது" என்பார் அப்பா. வெளியூர் ஆட்களைச் சாலையில் இறங்கச்சொல்லி, மழையில் ஒவ்வொருவராகக் குடைபிடித்து அழைத்து வருவார். குடைக்காரர் என்று அவர்கள் கேலி செய்ததும் உனக்குத் தெரியும். எனக்கு அது கோயில் வாசலில் செருப்பு விடுவது மாதிரி ஒரு மரியாதையாகத் தெரிந்தது. நல்ல பழக்கம். ஆனால் லீக் விதி குடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு வண்டி மண் கொண்டுவந்து அந்த மூலையில் கொட்டுவாரே, அதையும் நிறுத்திவிட்டேன். மூன்று வருஷமாகிறது. சமமான இடத்தில் எதற்கு மண்? போன வாரம் ஒரு டன் ரோலரை வைத்து அங்கே நன்றாக உருட்டினோம். நெட்டை ஓட்டினார். பாதியில் நிறுத்திவிட்டு, "அம்மா, இங்க சத்தம் வேற மாதிரி கேக்குது. பானையைத் தட்டுற மாதிரி" என்றார். "உங்க காதுக்கு வயசாயிடுச்சுண்ணே" என்றேன். அவரும் சிரித்துவிட்டு ஓட்டினார். ஆனால் இரண்டாம் முறை அந்தப் பக்கம் போகவில்லை.

மைதானம் முழுவதும் மழைத்தண்ணீர் தேங்கி நின்றாலும் அந்த மூலையில் மட்டும் காலையில் ஒரு சொட்டு இருப்பதில்லை. அவ்வளவு நல்ல வடிகால். புல்லும் மற்ற இடங்களைவிடக் கரும்பச்சை. நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்கு லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. பேருந்து நிற்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

வேண்டாம் என்றால் காரணத்தை எழுது.

அக்கா


ஜனவரி 27

அக்கா,

ஏழு தடவை ஃபோன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எழுதினால்தான் படிப்பேன் என்றாய். படி. கூரியரில் போடுகிறேன்.

அங்கே ஒரு கிணறு இருந்தது, நினைவிருக்கிறதா? நீ விடுதிக்குப் போன வருஷம் இருந்தது, திரும்பி வந்தபோது இல்லை. "நாற்பது வண்டி மண் போட்டுத் தூர்த்துட்டோம்" என்று அப்பா சொன்னார். நீ நம்பினாய். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

தூர்க்கவில்லை அக்கா. லீக் ஆட்கள் முதன்முதலாகப் பார்வையிட வரப் பத்து நாள்தான் இருந்தது. திறந்த கிணறு இருந்தால் அனுமதி கிடையாது. அப்பாவும் நானும் கைப்பிடிச் சுவரை இடித்துவிட்டு, வாய்க்குக் குறுக்கே பழைய ரயில் கட்டைகளைப் போட்டு, மேலே தகரம் பரப்பி, இரண்டடி மண் போட்டுப் புல் வைத்தோம். எட்டடி அகலம். ஆழம் எனக்குத் தெரியாது. வாளிக் கயிறு அறுபது அடி. எனக்கு அப்போது பதினாறு வயசு. "அடுத்த வருஷம் தூர்த்துடலாம்டா, அதுவரைக்கும் அக்காகிட்டகூட மூச்சு விடாதே" என்றார். சத்தியம் வாங்கினார். அடுத்த வருஷம் வந்தது, போனது. இப்போது இருபத்திரண்டு வருஷம்.

அவர் போன பிறகு உன்னிடம் சொல்லத்தான் வந்தேன். முடியவில்லை. கிரவுண்டை விட்டுவிடு என்று மட்டும் வாயில் வந்தது.

அந்த மண் சமன் செய்வதற்காக இல்லை. வருஷத்துக்கு ஒரு வண்டி மண் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று நினைக்கிறாய்?

அந்த மூலைக்கு யாரும் போகக்கூடாது. இதைக் கையில் வைத்துக்கொண்டே போய் கேட்டை மூடு.

தம்பி


ஜனவரி 31

தம்பிக்கு,

உன் கடிதம் நேற்று, ஆட்டத்தன்று, பத்தே முக்காலுக்கு வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. பிட்ச்சைத் தார்ப்பாயால் மூடியிருந்தோம். துறைமுக அணி நனையாமல் தங்கள் பேருந்திலேயே உட்கார்ந்திருந்தது. பதினாறு பேர். பேருந்து வடக்கு மூலையில் நின்றது. முன்சக்கரம் அந்தப் பள்ளத்தில் இருந்தது. நான்தான் காலையில் கையைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் முன்னாடி, இன்னும் கொஞ்சம்" என்று நிறுத்தினேன்.

பெவிலியன் படியில் நின்றபடி படித்தேன். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. ஓடவில்லை. ஓடினால் அவர்கள் ஜன்னல் பக்கம் கூடுவார்கள் என்று தோன்றியது. கதவருகில் போய், "டீ ஆறிப்போகுது, எல்லாரும் வந்துடுங்க. ஒவ்வொருத்தரா, படி வழுக்கும்" என்றேன். உள்ளே சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கேப்டன், "இந்த ஆட்டம் முடிஞ்சிடட்டும்மா" என்றார். "முட்டை பத்தாது. முந்தினவங்களுக்குத்தான்" என்றேன். அதற்குப் பிறகு தடதடவென்று குதித்தார்கள். ஒவ்வொருவர் குதிக்கும்போதும் பேருந்து ஆடியது. எண்ணினேன். பதினாறாவது ஆள் இறங்கியதும்தான் டிரைவர் நினைவுக்கு வந்தார். பின் சீட்டில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வண்டியை ரோட்டுல விட்டுடுங்க."

"ஏம்மா, நீங்கதானே இங்க விடச் சொன்னீங்க?"

"தப்பா சொல்லிட்டேன்."

என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபேச்சு பேசாமல் எடுத்தார். முன்சக்கரம் பள்ளத்தை விட்டு ஏறும்போது கீழே எங்கோ ஒன்று முறிந்த மாதிரி ஒரு சத்தம். அவருக்குக் கேட்டதா தெரியாது. எனக்குக் கேட்டது.

அப்புறம் வெயில் வந்தது. ஆட்டம் நடந்தது. பிட்ச் அற்புதம் என்று அம்பயர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாவின் குடை எனக்கு இப்போதுதான் புரிகிறது. அது மரியாதை இல்லை, பயம்.

கேட்டைப் பூட்டிவிட்டேன். அந்த மூலையைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, 'புதிதாகப் புல் நட்டிருக்கிறோம்' என்று அட்டை தொங்கவிட்டிருக்கிறேன். இன்னும் நான்கு ஆட்டம்தான். முடிந்ததும் சத்தமில்லாமல் தூர்த்துவிடலாம். அதுவரை நீ யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 5

அக்கா,

'அதுவரை யாரிடமும் சொல்லவேண்டாம்.' இந்த வரியைப் படித்தபோது அப்பாவின் பீடி வாசனையே வந்துவிட்டது.

கயிறு கட்டினாயா? கிரிக்கெட் மைதானத்தில் கயிறு என்றால் என்ன? பவுண்டரி. பந்து கயிற்றைத் தாண்டினால் ஃபீல்டர் என்ன செய்வான்? தாண்டிப் போய் எடுத்து வருவான். உலகத்தில் எங்கேயாவது கயிற்றைப் பார்த்து நிற்கிற ஃபீல்டரைப் பார்த்திருக்கிறாயா? முள்வேலி போடு. குழி தோண்டு. மாட்டைக் கட்டு. கயிறு மட்டும் வேண்டாம்.

இங்கே பழைய பாலம் ஒன்றைப் பிரித்தோம். அதே மாதிரிக் கட்டைகள், இருபது வருஷத்துக்கு மேல் ஆனவை. மேலே பார்த்தால் இரும்பு மாதிரி. அடியில் மட்கியிருந்தது, விரலாலேயே தோண்டி எடுத்தேன்.

சத்தியத்தை இருபத்திரண்டு வருஷம் காப்பாற்றியவன் நான். உன்னைத் திட்ட எனக்கு வாயில்லை. இருந்தாலும் சொல்கிறேன். லீக்கிடம் சொல்.

தம்பி


பிப்ரவரி 9

தம்பிக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இரண்டாம் ஆட்டம் நேற்றே முடிந்துவிட்டது.

மில் அணி. கடைசிக்கு முந்தின ஓவரில் நம் ஆள் தூக்கி அடித்த பந்து பவுண்டரியைத் தாண்டி, என் கயிற்றையும் தாண்டி, அட்டைக்குப் பின்னால் விழுந்தது. ஃபீல்டர் ஓடினான். நான் ஸ்கோர் மேசையில் இருந்தேன். கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் கயிற்றை ஒரே தாண்டாகத் தாண்டினான்.

பந்தை எடுக்கக் குனிந்தபோது வலது கால் முழங்கால்வரை உள்ளே போனது. அவன் சிரித்தான். கையை ஊன்றி வெளியே வந்து, "என்ன மேடம், உங்க கிரவுண்டு ஆளைக் கடிக்குது!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஷூ ஒன்றைக் காணோம். "பெருச்சாளி வளை. இந்தப் பக்கம் அதுங்க தொல்லை" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? யோசிக்கவே இல்லை. பெருச்சாளி என்று சொன்ன பிறகு அதன் வாலைக்கூட என்னால் வர்ணிக்க முடிந்திருக்கும். வேறு ஷூ கொடுத்து, காலைக் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். கணுக்காலில் சிராய்ப்பு. மனைவிக்கு இது எட்டாவது மாதம் என்று தானாகவே சொன்னான். நான் கேட்கவில்லை.

எல்லோரும் போன பிறகு அங்கே போய் மண்டியிட்டு அந்தத் துளையில் காதை வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மண் உதிர்ந்தது. அதற்கு எவ்வளவோ பிறகு, கீழே, தண்ணீர்ச் சத்தம்.

துளையைத் தகரத்தால் மூடி மேலே மண் போட்டிருக்கிறேன். நீ என்னை என்ன நினைப்பாய் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். மூன்று ஆட்டம் இருக்கிறது, தம்பி. மூன்றே மூன்று.

அக்கா


பிப்ரவரி 13

அக்கா,

இதை இன்று தபாலில் போடுகிறேன். லீக் செயலாளருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். அதை நாளைக்குப் போடுவேன். கிணறு, கட்டை, அப்பா, நான், எல்லாம் அதில் இருக்கிறது. உன் பெயர் இல்லை.

உனக்கு ஒரு நாள் இருக்கிறது. அவர்கள் என் வாயால் கேட்பதற்கு முன்னால் உன் வாயால் கேட்கட்டும்.

வீடு போனால் இங்கே வா. தகரக் கொட்டகைதான். வெயிலில் வேகும். ஆனால் தரை கெட்டி, நானே உருட்டியது.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மறுநாள் மூன்றாம் ஆட்டம். அன்று முழுவதும் வேலை செய்தேன். புல் வெட்டினேன், சுண்ணாம்பு கரைத்துக் கிரீஸ் கோடுகளை நானே போட்டேன். ஒரு கோடுகூடக் கோணவில்லை. சாவி நுனிக்கு மேல் இறங்கவில்லை. ஐந்து மணிக்குத்தான் ஃபோனை எடுத்தேன்.

செயலாளர் முழுவதையும் கேட்டார். குறுக்கே பேசவில்லை. பிறகு, "கயிறு கட்டியிருக்கீங்கல்ல?" என்றார்.

"கட்டியிருக்கேன் சார். ஆனா..."

"அப்ப என்னம்மா? நாளைக்கு ஆட்டத்தை வச்சுக்கிட்டு இப்பப் போய் வேற கிரவுண்டுக்கு நான் எங்க போவேன்? சீசன் முடியட்டும். பொறுமையா தூர்த்துக்கலாம். நீங்களும் சொல்லலை, நானும் கேக்கலை."

"தம்பி உங்களுக்கு எழுதியிருக்கான் சார்."

"வந்தா கிழிச்சுப் போட்டுடறேன். நீங்க கவலைப்படாமத் தூங்குங்க."

அவ்வளவு அன்பாகச் சொன்னார். அப்பா பேசுவது போலவே இருந்தது. ஒரு நிமிடம், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாகவும் இருந்தது. நான் சொல்லியாகிவிட்டது, இனி அவர் பாடு என்று. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு கிணற்றை இருபத்திரண்டு வருஷம் மூடி வைத்தது கட்டையும் தகரமும் இல்லை, இதுதான்.

இருட்டுவதற்கு முன்னால் தார்ப்பாயை விலக்கிவிட்டு பிட்ச்சின் நடுவில் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டேன். மூன்று வாரம் நானும் நெட்டையும் உருட்டிய பிட்ச். அவர் ஓடிவந்து, "அம்மா, புத்தி கெட்டுப்போச்சா!" என்று குழாயைப் பிடித்தார். உன் முதல் கடிதத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை விட்டார். "அன்னிக்கே சொன்னேன், பானைச் சத்தம்னு" என்றார். பிறகு அவரே குழாயைப் பிடித்துக்கொண்டார். கிரீஸ் கோடுகள் பால் மாதிரிக் கரைந்து ஓடின.

காலையில் அம்பயர் சாவியைக் குத்தினார். சாவி முழுவதும் போனது, வளையத்தோடு. இரண்டு அணிகளும் சுற்றி நின்று முணுமுணுத்தன. ஆட்டத்துக்கு வந்திருந்த செயலாளர் என் பக்கமே பார்க்கவில்லை. "தண்ணீர் விட்டது நான்தான். ஏன்னு காட்டறேன், வாங்க" என்றேன்.

கயிற்றுக்கு வெளியே எல்லோரையும் நிறுத்திவிட்டு, பெவிலியன் ஏணியைப் பள்ளத்தின் குறுக்கே போட்டு, அதன்மேல் படுத்து ஊர்ந்துபோய்த் தகரத்தை நகர்த்தினேன். நெட்டை என் கால்களைப் பிடித்திருந்தார். கடப்பாரையை நட்டு அழுத்தினேன். ஓரடி இறங்கியது. இன்னும் ஓரடி. பிறகு தடுக்க ஒன்றும் இல்லை. அது கையை விட்டுப் போனது.

சத்தம் வர நேரமாயிற்று. பிறகு வந்தது. பிறகு கட்டைகளும், கட்டில் அகலத்துக்கு மண்ணும், அட்டையும், கயிறும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போயின. ஏணி மட்டும் நின்றது. நெட்டை என்னை இழுத்த இழுப்பில் முழங்கை இரண்டும் தோலுரிந்துவிட்டன. அதுதான் கையெழுத்து இப்படி.

முதல் ஆட்டத்தன்று வந்த அதே டிரைவர்தான் இந்த அணியையும் அழைத்து வந்திருந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் விளிம்புக்கு ஐந்தடி தள்ளி உட்கார்ந்து தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "அன்னிக்கு முன்சக்கரம் எங்கம்மா இருந்துச்சு?" என்று கேட்டார்.

காட்டினேன். அங்கே இப்போது காட்டுவதற்கு இடம் இல்லை.

மைதானத்தை மூடிவிட்டார்கள். நிலத்துக்காரர்கள் ஒரு மாதம் தந்திருக்கிறார்கள். உன் தகரக் கொட்டகைக்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் நீ இங்கே வா. தூர்த்துவிட்டுத்தான் போக வேண்டும். நாற்பது வண்டி என்று அப்பா சொன்னது பொய். உண்மையில் எத்தனை ஆகும் என்று நீ எண்ணு, நான் எழுதிக்கொள்கிறேன்.

நேற்று ஃபோன் அடித்தது நீதானே? முழங்கைக் காயத்தால் எடுக்க முடியவில்லை. இன்று அடி. எடுக்கிறேன்.

அக்கா